ஏழு எண்ணும் வரை

ச்சீ, இந்த ஹெட்போனைத் தூக்கிக் குப்பையில போட்டாத்தான் நான் உருப்படுவேன். காதுல அழுத்துற மெத்தை மேல இருந்த கருப்புத் தோலு ஆறு மாசமா உரிஞ்சுக்கிட்டே இருக்கு. வேர்வையில ஊறி கன்னத்துல ஒட்டுது, கழுத்துல ஒட்டுது, போன வாரம் ரசஞ்சோத்துல ஒரு துண்டு கிடந்துச்சு, கடுகுன்னு நெனச்சு மென்னுட்டேன். இப்ப நெனச்சாலும் குமட்டுது. வியாழக்கிழமை மத்தியானம் மூணு மணி. ஜன்னலைச் சாத்தி வச்சிருக்கேன். ஃபேன் காத்து அனலா இறங்குது, ஆனா திறக்க முடியாது, காலையில ஆளுங்க வந்து எங்க தெருச் சாக்கடையைத் தூர் வாரிட்டுப் போயிருக்காங்க. தூர் வாரினாங்கன்னா என்ன, உள்ள கிடந்ததை எடுத்து வெளியில வச்சாங்க, அவ்வளவுதான். எங்க கேட்டுக்கு நேரா, கன்னங்கரேல்னு, முழங்கால் உயரத்துக்கு. காஞ்சதும் அள்ளிக்கிறோம்மான்னு சொல்லிட்டுப் போனாங்க. காயும், மழை பெய்யும், வந்த வழியே உள்ள போயிடும், இந்த வீட்டுக்கு வந்த ஆறு வருஷமா நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். சாத்தின ஜன்னலையும் தாண்டி அந்த நாத்தம் வருது. டீ மேல ஆடை படிஞ்சு கிடக்கு, குடிக்கப் பிடிக்கல. ஸ்க்ரீன்ல நாலு கட்டம். மேல இடது பக்கம் சபாபதி சார், வெள்ளை முழுக்கைச் சட்டை, பின்னாடி புத்தக அலமாரி. பக்கத்துல மார்த்தாண்டத்துலருந்து டென்சிங், மைக்கை அணைக்கத் தெரியாத ஜென்மம், முறுக்கு தின்னுக்கிட்டிருக்கான், அவன் பல்லுக்கு நடுவுல முறுக்கு உடையிற சத்தம் என் மண்டைக்குள்ள உடையிற மாதிரி கேக்குது. கீழ பூர்ணிமா, சென்னை, இருபத்தேழு வயசு, சார் சொல்றதை டைப் பண்றவ. நாலாவது கட்டத்துல நான், இந்திராணி, நாப்பத்தாறு வயசு, கன்னத்துல கருப்புத் துணுக்கு.

"ஒண்ணு," ன்னு ஆரம்பிச்சாரு சார். "பெரிய எண்களை வகுக்கும்போது கடைசி இலக்கம் தவறாக வந்தது. திருத்தம். டென்சிங்." அப்புறம் மேஜை மேல ஒரு விரலால தட்டறாரு. டொக், டொக். ஆறு தட்டு மனசுக்குள்ள எண்ணி, ஏழாவதை மட்டும் வாயைத் திறந்து சொல்வாரு. "ஏழு." பூர்ணிமா ஒரு டிக் போடுவா. அதுக்குள்ள யாரும் எதுவும் சொல்லலன்னா அந்த வரி முடிவாயிடுச்சுன்னு அர்த்தம். இது எங்க வழக்கம். நொச்சிங்கிற இந்தக் கம்ப்யூட்டர் மொழியை சார் ஒரு காலேஜ்ல வாத்தியாரா இருந்தப்ப எழுத ஆரம்பிச்சாரு, வேலியோரம் நின்ன செடியோட பேரை வச்சாரு. இன்னிக்கு அதை வச்சு நூலகத்துக்கு எழுதுறாங்க, பால் சொசைட்டிக்கு எழுதுறாங்க, ஸ்கேன் சென்டருக்கு எழுதுறாங்க. அதுல வர்ற ஓட்டை ஒடசலைப் பாத்துக்கிறது நாங்க நாலு பேர்தான். புதுப் பதிப்பு வெளியாகிற அன்னிக்கு என்னென்ன திருத்தினோம்னு ஒவ்வொரு வரியா சார் படிப்பாரு, ஏழு எண்ணுவாரு, சாயங்காலம் அஞ்சு மணிக்கு அந்தப் பட்டியல் ஊருக்கே போகும். ஏழுங்கிற கணக்கைக் கொண்டுவந்ததே நான்தான். ஒம்பது வருஷத்துக்கு முன்னாடி துறையூர்ல இருந்தேன், நெட்டு நத்தை மாதிரி வரும், நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள சார் அடுத்த வரிக்குப் போயிருப்பாரு. ஒருநாள் சண்டை போட்டேன். "சார், எங்க ஊருக்கும் குரல் இருக்கு, ஏழு எண்ணிட்டுப் போங்க," ன்னேன். நல்லா இருந்துச்சு அந்த வரி. எங்க போனாலும் சார் அதைச் சொல்லிச் சொல்லி என்னை அறிமுகம் பண்ணுவாரு. இந்த ஒம்பது வருஷத்துல அந்த ஏழு நொடிக்குள்ள யாராவது வாயைத் திறந்திருக்காங்களான்னு எண்ணிப் பாத்தா மூணு தடவை. அதுல ஒரு தடவை டென்சிங்குக்கு வந்த தும்மல்.

"ரெண்டு. தேதிக் கணக்கில் பிப்ரவரி மாதக் குழப்பம். திருத்தம். பூர்ணிமா." டொக், டொக். பத்தொம்பதுக்கு இன்னும் பதினேழு வரி இருக்கு. பத்தொம்பதாவது வரி என்னுது. அது எப்படி எழுதியிருக்குன்னு எனக்கு மனப்பாடமாத் தெரியும், ஏன்னா அதை எழுதினதே நான்தான். "கோப்புப் பெயரை வாசிக்கும் இடத்தில் சிறு ஒழுங்கு. இந்திராணி." சிறு ஒழுங்கு! த்தூ. வீட்டுக்குப் பின்பக்கச் சுவரே இல்லைன்னு கண்டுபிடிச்சுட்டு, சின்னதா வெள்ளையடிச்சோம்னு சொல்ற மாதிரி. பாதுகாப்பு சம்பந்தப்பட்ட ஓட்டையைப் பத்தி உடனே விலாவாரியா எழுத மாட்டோம், அதுவும் வழக்கம்தான், எல்லாரும் புதுப் பதிப்புக்கு மாறுறதுக்குள்ள திருடனுக்கு வழி சொல்லிக் கொடுத்த மாதிரி ஆயிடும்னு சார் சொல்வாரு, "கொஞ்சம் பூசி எழுதுங்கம்மா," ன்னு. நியாயமான பேச்சுதான். நியாயமான பேச்சாலதான் நாங்க எல்லாத்தையும் பூசி மெழுகறோம். இதுவரைக்கும் அது எனக்கு உறுத்தினதே இல்ல.

போன வெள்ளிக்கிழமை எவ்வளவு சந்தோசமா இருந்தேன்! நொச்சியில எழுதின எந்தப் புரோகிராமா இருந்தாலும், ஒரு கோப்பைப் பேர் சொல்லிக் கேட்டா அந்தக் கோப்பை மட்டும்தான் கொடுக்கணும். பேருக்கு முன்னாடி ரெண்டு புள்ளி வச்சுக் கேட்டா பக்கத்து அறைக்குப் போகப் பாக்குறான்னு அர்த்தம், அதைத் தடுக்கிறதுக்குக் காவல் வச்சிருக்கோம். நான் சும்மா ஏதோ சோதிச்சுக்கிட்டிருந்தப்ப, புள்ளிக்கு முன்னாடி தெரியாத்தனமா ஒரு இடைவெளி விட்டுட்டேன். காவல்காரன் பாக்கவே இல்ல. இடைவெளியைப் பாத்ததும் கண்ணை மூடிக்கிட்டான். கதவு திறந்துச்சு, அடுத்தவங்க கோப்பெல்லாம் வந்து நின்னுச்சு. எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சு போச்சு. வீட்டுக்காரர்கிட்ட ஓடிப்போய்ச் சொன்னேன், பாதி புரிஞ்சு பாதி புரியாம அவர் போய் அரைக் கிலோ மைசூர்பா வாங்கிட்டு வந்தாரு. சார் போன் பண்ணி, "உங்களுக்கு இருக்கிறது கண்ணு இல்லம்மா, எக்ஸ்ரே," ன்னாரு. அடுத்த வாரக் கூட்டத்துல உங்களைப் பாதுகாப்புப் பொறுப்பாளரா அறிவிச்சிடலாம்னாரு. ஒம்பது வருஷம், எத்தனை பேர் வந்து எத்தனை பேர் போனாங்க, ஒரு பதவின்னு என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அந்த மைசூர்பா டப்பா இன்னும் இந்த மேஜை மேலதான் இருக்கு. மூடி சரியா மூடல. எறும்பு வரிசையா உள்ள போய் வரிசையா வெளிய வருது. செவ்வாய்க்கிழமைக்கு அப்புறம் அதை நான் தொடல.

"ஏழு. எட்டாவது. காலியான பட்டியலைத் திருப்பினால் நின்றுபோனது. திருத்தம். டென்சிங்." டென்சிங் முறுக்கோட சேத்து "ஆமா சார்," ங்கிறான், எதுக்கு ஆமான்னு அவனுக்கே தெரியாது. செவ்வாய்க்கிழமை காலையில, ஓட்டையைப் பத்தி எழுதி வைக்கிறதுக்கு முன்னாடி, இதே மாதிரி யாராவது முன்ன சொல்லியிருக்காங்களான்னு பழைய புகாரையெல்லாம் தேடினேன். சும்மா பழக்கதோசம். இடைவெளின்னு போட்டுத் தேடினேன். ஒண்ணே ஒண்ணு வந்துச்சு. ரெண்டாயிரத்து இருநூத்துப் பதினாலாவது புகார். மூடப்பட்டது. மூடியவர்: இந்திராணி. எட்டு மாசத்துக்கு முன்னாடி. எனக்கு ஞாபகமே இல்ல. ஜெசிமான்னு ஒரு பொண்ணு எழுதியிருந்தா. "வணக்கம். நான் ராமநாதபுரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் புரோகிராம் பார்த்துக்கொள்கிறேன். நோயாளி ஒருவர் பெயருக்கு முன் தெரியாமல் இடைவெளி விட்டுத் தட்டியதில் இன்னொருவரின் ரிப்போர்ட் வந்துவிட்டது. பிறகு நானே புள்ளி வைத்துப் பார்த்தேன். எல்லோருடையதும் வருகிறது. படிப்படியாக எழுதியிருக்கிறேன், தயவுசெய்து பாருங்கள்." கீழ ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு படி போட்டிருந்தா. நான் போன வெள்ளிக்கிழமை கண்டுபிடிச்சேன்னு குதிச்சேனே, அதே படி, அதே வரிசை, என்னோடதை விடத் தெளிவா. அதுக்குக் கீழ என் பதில். "இது எதிர்பார்த்தபடியே இயங்குகிறது. உங்கள் பக்கம் சரிபார்க்கவும்."

உங்கள் பக்கம் சரிபார்க்கவும். அதை நான் எழுதக்கூட இல்ல. பதினாலு பதிலைத் தயாரா டைப் பண்ணி வச்சிருக்கேன், ஒரு பொத்தானைத் தட்டினா விழும், இது மூணாம் நம்பர். மாசத்துக்கு ஒருநாள் நாங்க குப்பை கூட்டுற நாள்னு வச்சுக்குவோம். தேங்கிக் கிடக்கிற புகாரையெல்லாம் உக்காந்து ஒரே மூச்சுல மூடணும், யாரு நிறைய மூடுறாங்களோ அவங்க பேருக்குப் பக்கத்துல டென்சிங் ஒரு தங்கத் துடைப்பம் படம் போடுவான். அன்னிக்கு நான் அறுபத்திரெண்டு மூடினேன். துடைப்பம் எனக்குத்தான். வீட்டுக்காரர்கிட்ட காமிச்சுச் சிரிச்சேன். ஒரு புகாருக்கு எத்தனை நொடி ஆச்சுன்னு இப்ப நெனச்சுப் பாக்குறேன், அந்தப் பொண்ணு போட்ட படியில முதல் படியைக்கூட நான் தாண்டியிருக்க மாட்டேன். கேட்டுக்கு நேரா குவிச்சு வச்சிருக்கிறதைப் பாத்து மூக்கைப் பொத்துறேன், நான் கூட்டின குப்பை எங்க கிடந்துச்சுன்னு எட்டு மாசம் எனக்குத் தெரியல. அதோட விட்டாளா, பாவம், விடல. மூடின புகாருக்கு அடியில மூணு தடவை எழுதியிருக்கா. மூடினதுல யாரு என்ன எழுதினாலும் எனக்குத் தகவல் வரக்கூடாதுன்னு நானே நிறுத்தி வச்சிருந்தேன், தொந்தரவா இருக்குன்னு. முதல்ல, "மேடம், இன்னொரு முறை பார்க்க முடியுமா?" ரெண்டாவது, மூணு மாசம் கழிச்சு, "மேடம், சரிபார்த்துவிட்டேன், என் பக்கம் எதுவும் இல்லை." மூணாவது, போன வாரம். அதுல இலக்கணம், மரியாதை எல்லாம் போயிடுச்சு. "மேடம் எங்க சென்டர்ல ரிப்போர்ட் எல்லாம் வெளிய போயிடுச்சு. கர்ப்பமா இருக்கிற பொம்பளைங்க பேரு, போன் நம்பர் எல்லாம். யாரோ ஒருத்தன் அவங்களுக்கு ராத்திரி பகல் பாக்காம போன் பண்ணி அசிங்கமா பேசுறான். நான்தான் கதவத் திறந்து வச்சேன்னு சொல்றாங்க. வேணும்னே செஞ்சேன்னும் ஒருத்தர் சொல்றார். அடுத்த வெள்ளிக்கிழமை விசாரணை. இது மொழியில உள்ள தப்பு, நான் முன்னாடியே சொன்னேன்னு நீங்க ஒரு வரி போட்டா போதும் மேடம்." நாளைக்குத்தான் வெள்ளிக்கிழமை.

எவனோ ஒருத்தன் ஒரு பொம்பளைக்கு போன் பண்ணி அவ வயித்தைப் பத்திப் பேசறான். என் மூணாம் நம்பர் பொத்தான் வழியா போய் எடுத்த நம்பரை வச்சுக்கிட்டு. செவ்வாய்க்கிழமை நான் பாத்ரூமுக்குப் போய் வாந்தி எடுத்தேன், எதுவும் வரல, புளிச்ச தண்ணிதான் வந்துச்சு. எல்லாத்தையும் சொல்லிடணும்னு புதன்கிழமை சாருக்குப் போன் பண்ணினேன். சொன்னேன். அப்புறம், "இது வேற யாருக்கும் தெரியுமாம்மா?" ன்னு கேட்டாரு. தெரியாது சார்ன்னேன். "அந்தப் பொண்ணுக்குத் தனியா ஏதாவது செய்வோம். பட்டியல்ல வேண்டாம். எட்டு மாசமா தெரிஞ்சும் சும்மா இருந்தோம்னு வந்தா நொச்சியை எவன் தொடுவான்? உங்க பேரும் கெட்டுப் போகும். இந்த வாரம் உங்களை அறிவிக்கிறேன்னு வேற சொல்லியிருக்கேன். மனசுல போட்டுக் குழப்பிக்காதீங்க," ன்னாரு. நல்ல மனுசன். இந்த வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு வந்து பந்தியில பரிமாறினவரு. நான் என்ன சொன்னேன்? "சரிங்க சார்." சொன்னதும் உடம்பெல்லாம் லேசாப் போச்சு. அதுதான், அந்த லேசானதுதான், அதை நெனச்சாத்தான் என் மேலயே எனக்கு அருவருப்பா இருக்கு. ஒரு கல்லு இறங்கின மாதிரி நிம்மதியா மூச்சு விட்டேனே, சோறு நல்லா இறங்குச்சே அன்னிக்கு ராத்திரி, மோர் ஊத்திப் பிசைஞ்சு சாப்பிட்டேனே. தனியா ஏதாவதுன்னா என்ன? தனியா அவளுக்கு ஒரு கடிதம் எழுத உக்காந்தேன். அன்புள்ள ஜெசிமான்னு எழுதி அழிச்சேன். அன்புள்ளங்கிற வார்த்தையை எழுத எனக்கு என்ன யோக்கியதை. அன்புக்குரியன்னு மாத்தினேன், அதையும் அழிச்சேன். எழுதினாலும் என்ன, அதை எடுத்துக்கிட்டுப் போய் விசாரணையில நீட்டினா, "எங்கம்மா, அவங்க பட்டியல்ல இப்படி ஒண்ணும் இல்லையே, சிறு ஒழுங்குன்னுதானே போட்டிருக்காங்க," ன்னு கேப்பாங்க. அவ திரும்பி என்னையே பாப்பா. உங்கள் பக்கம் சரிபார்க்கவும்.

"பதினஞ்சு." டொக், டொக். "ஏழு. பதினாறு." பூர்ணிமா எல்லாத்துக்கும், "சூப்பர் சார்," ங்கிறா. என்னம்மா சூப்பர், பழைய ஓட்டையை அடைச்சதுல என்ன சூப்பர்? நானும் ஒரு காலத்துல சூப்பர் சொன்னவதானே. எனக்கு இவங்க மேல வர்ற வெறுப்பு எல்லாம் பாதி வழியில திரும்பி என் மேலதான் வந்து விழுது. டென்சிங் முறுக்கு தின்னா அவனுக்குப் பசி. நான் வாயை மூடிக்கிட்டு உக்காந்திருக்கேனே, எனக்கு என்ன கேடு? சொல்லலாம். ஏழு நொடி இருக்கு. நான் சண்டை போட்டு வாங்கின ஏழு நொடி. எங்க ஊருக்கும் குரல் இருக்குன்னேன். ராமநாதபுரத்துக்குக் குரல் இருந்துச்சு, நாலு தடவை கூப்பிட்டுச்சு. நான்தான் அங்கிருந்து வர வேண்டிய நெட்டை அறுத்து வச்சிருந்தேன். அது சரி, சொன்னா என்ன ஆகும்? பொறுப்பாளர் பதவி போகும். போகட்டும். அது மட்டுமா, இந்திராணி மேடம் படிக்காம மூடுறவங்கன்னு ஆகும், நான் மூடின அத்தனையையும் திரும்ப எடுத்துப் பாப்பாங்க, ஒம்பது வருஷத்துல ஆயிரம் இருக்கும், அதுல இன்னும் எத்தனை ஜெசிமாவோ. அதுதான் பயமே. இது ஒண்ணுதானான்னு எனக்கே தெரியாது. "பதினெட்டு. ஏழு."

"பத்தொம்பது. கோப்புப் பெயரை வாசிக்கும் இடத்தில் சிறு ஒழுங்கு. இந்திராணி." சார் ஸ்க்ரீனை நிமிர்ந்து பாக்கல. டொக். இப்பச் சொல்லு. டொக். தொண்டையில ஏதோ ஒட்டியிருக்கு, ஹெட்போன் தோலா இருக்கும், போய் வாயில விழுந்திருக்கும். டொக். ஜெசிமான்னு ஆரம்பிச்சா போதும், மிச்சம் தானா வரும். டொக். டென்சிங் மெல்றான். டொக். எறும்பு ஒண்ணு மைசூர்பா துணுக்கைத் தூக்கிக்கிட்டு கீபோர்டு மேல ஏறுது, மூணாம் நம்பர் பொத்தானைத் தாண்டிப் போகுது. டொக். "ஏழு," ன்னாரு சார். பூர்ணிமா டிக் போட்டா. "சூப்பர் மேடம்," ன்னா.

அவ்வளவுதான். முடிஞ்சுபோச்சு. எவ்வளவு சுளுவா முடிஞ்சுது பாரு. யாரும் என் கழுத்தைப் பிடிக்கல, யாரும் மிரட்டல, நானே ஏழு எண்ணி நானே முழுங்கினேன். "இருபது." வாயெல்லாம் கசக்குது. "இருபத்தொண்ணு." ஜன்னலை எதுக்குச் சாத்தி வச்சிருக்கேன், நாத்தம் வெளியிலயா இருக்கு? எந்திரிச்சுப் போய்த் திறந்துவிட்டேன். குப்புன்னு அடிச்சுது. அடிக்கட்டும். எதிர்வீட்டம்மா மூக்குல முந்தானையை வச்சுக்கிட்டு அந்தக் குவியலைத் தாண்டிப் போறாங்க, கால்ல பட்டுடுச்சு போல, "கர்மம், கர்மம், எடுத்து வச்சவனுக்கு எடுத்துட்டுப் போகத் தெரியாதா?" ன்னு திட்டறாங்க. திரும்பி வந்து உக்காந்தப்ப இருபத்தி நாலும் முடிஞ்சிருந்துச்சு. சார் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டே சிரிச்சாரு. "கடைசியா ஒரு நல்ல சேதி. நம்ம இந்திராணியம்மாவை இனிமே பாதுகாப்புப் பொறுப்பாளரா அறிவிக்கலாம்னு இருக்கேன். இப்பக்கூட எட்டாத இடத்துல ஒரு ஓட்டையைக் கண்டுபிடிச்சிருக்காங்க, பட்டியல்ல அடக்கமா எழுதியிருக்காங்க. யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?" விரலை மேஜை மேல வச்சாரு.

"நான் சொல்லணும் சார்," ன்னேன். என் குரலா அது, தகரத்தைக் கீறின மாதிரி வந்துச்சு. சாரோட விரல் அப்படியே நின்னுச்சு. "பத்தொம்பதாவது வரி தப்பு. அதை நான் கண்டுபிடிக்கல. ராமநாதபுரத்துல ஜெசிமான்னு ஒரு பொண்ணு எட்டு மாசத்துக்கு முன்னாடியே சொல்லியிருக்கு. நான் மூடிட்டேன்." டென்சிங் மெல்றதை நிறுத்திட்டான். சார் மெதுவா, "நாம அதைப் பேசிக்கிட்டோமேம்மா. அடுத்த வாரம் பாத்துக்கலாம்," ன்னாரு. "நாளைக்கு விசாரணை சார் அதுக்கு. நாளைக்கு வெள்ளிக்கிழமை." "தனியா ஒரு கடிதம்..." "தனியா வேணாம் சார். பட்டியல்ல வரணும். வரி என்னுது, அஞ்சு மணிக்குப் பட்டியல் போற வரைக்கும் அவங்கவங்க வரியை அவங்கவங்க மாத்தலாம், அது நம்ம வழக்கம்தானே?" நான் பூர்ணிமாவைப் பாத்து, "டைப் பண்ணும்மா," ன்னேன். "கோப்புப் பெயருக்கு முன் இடைவெளி விட்டால் பிறர் கோப்புகளைத் திறக்க முடிந்தது. இது நொச்சி மொழியின் பிழை, பயன்படுத்தியவர்களின் பிழை அல்ல. எட்டு மாதங்களுக்கு முன் ஜெசிமா தெரிவித்தார், ராமநாதபுரம். புகார் எண் போடு, ரெண்டாயிரத்து இருநூத்துப் பதினாலு." எழுத்து ஒவ்வொண்ணா எல்லார் ஸ்க்ரீன்லயும் விழுது. பூர்ணிமாவோட கை நின்னுச்சு. முகம் வெளுத்துப் போய்க் கேட்டா, "மேடம், புகாரை மூடினவங்க பேரு... போடணுமா?" "போடு." "நிராகரித்தவர்னு போடவா மேடம், மூடியவர்னு போடவா?" "படிக்காமல் மூடியவர்னு போடு. இந்திராணி."

சார் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கிட்டாரு. அப்புறம் முழுசாப் படிச்சாரு, ஒரு எழுத்து விடாம, என் பேரு வரைக்கும். விரலைத் தூக்கினாரு. டொக். இவ்வளவு மெதுவா அவர் எண்ணி நான் பாத்ததே இல்ல, எனக்காகத்தான் மெதுவா எண்ணுறாரு, நான் வாபஸ் வாங்கிக்கட்டும்னு. டொக். நான் வாங்க மாட்டேன். ஆனா யாராவது வேணாம்னு சொல்லக்கூடாதா? டொக். அதுக்குத்தானே காத்துக்கிட்டிருக்கேன், ச்சீ, சொல்லிட்டு உடனே காத்துக்கிட்டிருக்கேன், எவனாவது வந்து என்னைக் காப்பாத்தட்டும்னு. டொக். பூர்ணிமா, நீ சொல்லு, மேடம் பேரு வேணாம் சார்னு ஒரு வார்த்தை, எதுக்கெல்லாமோ சூப்பர் சொல்றியே. டொக். டென்சிங் கட்டத்துல மைக் பச்சையா மின்னுச்சு. அக்கா, அதெல்லாம் வேண்டாம், அந்தப் பொண்ணு பேரை மட்டும் போடுவோம்னு சொல்லப் போறான், நல்ல பையன், ஒம்பது வருஷம் கூட இருந்தவன். காதைத் தீட்டிக்கிட்டுக் கேட்டேன். முறுக்கு உடைஞ்சுது. டொக். சார் விரல் அந்தரத்துல நிக்குது, கண்ணு ஸ்க்ரீன்ல என் கட்டத்து மேல நிக்குது. ஜன்னல் வழியா நாத்தம் வருது. யாரும் வாயைத் திறக்கல. நானும் திறக்கல.

"ஏழு," ன்னாரு சபாபதி சார். பூர்ணிமா அந்த வரிக்குப் பக்கத்துல ஒரு டிக் போட்டா.